குமாஸ்தா தொடங்கிய குடியானவர் சங்கம்

அமெரிக்கக் கிராமங்களில் பேர்பெற்ற சங்கம் "கிரேஞ்ச்". 1867 டிசம்பர் 4-ந் தேதி வாஷிங்டனில் அதைத் தொடங்கிய எழுவரில் முதன்மையானவர் ஆலிவர் ஹட்சன் கெல்லி. விவசாய இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவர்!

உறவுப் பெண் கரோலின் ஹால் வற்புறுத்தியதால் பெண்களுக்கும் சம ஓட்டு தரப்பட்டது. நாடு முழுவதும் பெண்கள் ஓட்டுப் போட்டதோ 1920-ல்தான்.

தானியக் கிடங்குக்காரர் வைத்ததே கட்டணம் என்றிருந்தது. விவசாயிகள் நெருக்கியதால் இல்லினாய் மாநிலம் உச்சவரம்பு விதித்தது. அது செல்லும் என்று 1877-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

அன்று ஒரு கடிதம் வாங்கவும் வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போகவேண்டும். வீட்டுக்கே தபால் வேண்டும் என்று சங்கம் விடாமல் கேட்டது. 1896-ல் தபால்காரர் கிராமத்து வீடுகளைத் தேடி வரத் தொடங்கினார். ஊர்க் கடிதத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்!