தூக்கிச் செல்லப்படுதல் குறித்து

முள்ளந்தண்டில் காயமுற்றவரைப் பற்றி எமது சமூகத்திடம் இரண்டு கதைகளே உண்டு. ஒன்று ‘ஐயோ பாவம்’. மற்றது ‘என்ன மனவுறுதி!’. நெஞ்சுக்குக் கீழே அசைவும் உணர்வுமின்றி இருபது வருடங்களுக்கு மேலாக வாழும் எனக்கு இரண்டுமே அந்நியமானவை. நான் நன்றாக வாழ்வதற்கான காரணங்களை வரலாற்றிலும் தேடவேண்டும்.

முண்ணாண் காயத்தில் மூளைக்கும் உடலுக்கும் இடையிலான செய்தித்தொடர்பு அறுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பியது தெரியாது. அழுந்தி இரத்தோட்டம் தடைப்பட்ட தோல் நோவதில்லை. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் இத்தகையோரில் பெரும்பாலானோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் விரைவிலேயே இறந்தனர். இதை மாற்றியவர்களுள் முக்கியமானவர் ஓர் அகதி. நாஸிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப்பிரிவொன்றைத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், தொற்றின்றிச் சிறுநீர் அகற்றல், தொழிற்பயிற்சி, விளையாட்டு: இவ்வளவுதான் அவரது முறை.

எனது நாளும் இந்த ஒழுங்கிலேயே ஓடுகிறது. குறித்த நேரத்தில் குழாயிட்டுச் சிறுநீர் அகற்றுகிறேன். நாற்காலியில் அடிக்கடி பாரம் மாற்றுகிறேன். இரவில் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்க்கிறேன். திடீரெனத் தலையிடித்து முகம் வியர்த்தால் அது நிரம்பிய சிறுநீர்ப்பையின் முறைப்பாடாக இருக்கலாம். கவனியாதுவிட்டால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறும்.

ஆனால் உயிர்தப்பியிருப்பது வேறு, வாழ்வது வேறு. இங்கே இன்னொரு அகதி வருகிறார். விக் பின்கெல்ஸ்ரைன், தென்னாபிரிக்காவில் இளவயதில் கோலூன்றிப் பாய்கையில் கழுத்து முறிந்தவர். நிறவெறி அரசை எதிர்த்துச் சிறைசென்றபின் 1968இல் பிரித்தானியா வந்தார். அவரும் போல் ஹன்ரும் தோழர்களும் 1976இல் வெளியிட்ட ஆவணம் குறைபாட்டையும் இயலாமையையும் பிரித்துப் பார்த்தது. குறைபாடு உடலில் உள்ளது; இயலாமையைச் சமூகம் அதன்மேல் சுமத்துகிறது. பின்னர், தானும் முள்ளந்தண்டில் காயமுற்றவரான பெண்ணியவாதி ஜெனி மொறிஸ், இப்பார்வை உடலின் வலியைப் பேசாமல் விடுகிறது என்றார். எனக்கு இருவரும் தேவைப்படுகிறார்கள். நரம்புவலி கொல்லும் இரவுகளுக்குச் சாய்தளம் மருந்தாகாது. சாய்தளம் இல்லாத நகரத்தில் மருந்துகளால் மட்டும் வாழவும் முடியாது.

எமது கூட்டமொன்றுக்குச் சில வருடங்களுக்கு முன்னர் போயிருந்தேன். மண்டபம் இரண்டாம் மாடியில், லிப்ற் இல்லை. நான்கு தோழர்கள் என்னைத் தூக்கிச் சென்றார்கள். தலைப்பு: விளிம்புநிலை மக்கள். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் தூக்கிச் செல்லப்படுபவர், கருத்து முரண்பட்டு வெளிநடப்புச் செய்ய முடியாது. இறக்கிவிடுமாறு மற்றவர்களைக் கேட்கவேண்டும்.

போர் எமது மண்ணில் எத்தனையோ பேரைச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டுப் போயிருக்கிறது. அவர்களைத் தியாகிகளாகவோ சுமைகளாகவோ பேசப் பழகியிருக்கிறோம். எம்மோடு வாதாடக்கூடியவர்களாக அவர்களை ஏற்கத் தயாரென்றால், அடுத்த கூட்டத்துக்குக் கீழ்த்தள மண்டபம் ஒன்றைத் தேடுவதிலிருந்து தொடங்கலாம்.