மிளகாயும் மொறுமொறுப்பும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் வைக்கப்பட்ட சிற்றுண்டித் தட்டுகளுள் ஒன்று நான் செய்தது. விழா முடிந்தபோதும் அது வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. மசியல் அடைத்து, எண்ணெயில் பொரிக்காமல், ரொட்டி சுடும் மின்னடுப்பில் வைத்துச் சுட்ட மிளகாய் அது. மேல்மாவு ஈரத்துணி போலத் துவண்டிருந்தது. தட்டின் அடியில் நீர் கட்டியிருந்தது. மரியாதைக்காக ஒன்றைக் கடித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "வேதியியல் படிப்பவரா இதைச் செய்தார்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நான் தரும் விடையே இக்கட்டுரை.

விளையாட்டுக்காக நான் இம்முயற்சியில் இறங்கவில்லை. பாறசாலைக்கு அருகில் எங்கள் சிற்றூரில், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பாட்டி அடைத்த மிளகாய் பொரிப்பார். இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. எண்ணெய்ப் பலகாரம் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாட்டி சட்டியை அடுப்பில் ஏற்றுவதில்லை. "நாலு பேருக்குப் பொரிச்சு வெச்சிட்டு நான் மட்டும் வாயைக் கட்டிட்டு இருக்கணுமா மக்களே?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மிளகாய் நம் மண்ணில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. முன்பே இங்கிருந்த மிளகைப் போலக் காரமான காய் என்பதால் தமிழர் அதனை மிளகாய் என்றனர். மலையாளத்தார் முளகு என்ற சொல்லையே புதிய காய்க்குக் கொடுத்து, பழைய கரிய மணியைக் குருமுளகு என்றனர். எங்கள் பக்கத்தில் கரிய மணி வேண்டுமென்றால் 'நல்லமிளகு' என்று கேட்க வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே ஓடுகிறது. அடுக்களைகளுக்குள் அக்கோடு நுழையவில்லை. இருபுறத்திலும் மரச்சீனிக் கிழங்கை அவித்து, தேங்காயும் சீரகமும் பூண்டும் சேர்த்து மசிக்கிறார்கள். அந்த மசியலைத்தான் பாட்டி மிளகாய்க்குள் அடைப்பார்.

இனி, சென்ற ஆண்டு நான் தோற்றது ஏன்? காரணம் ஒன்றே: நீர்.

பச்சை மிளகாயின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர். பொருளின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 பாகையை அதிகம் தாண்டாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மேற்பரப்பு உலர்ந்து, வெப்பம் 140 பாகையை நெருங்கும்போதுதான் பொன்னிறமும் மணமும் விரைந்து உண்டாகின்றன. சர்க்கரையும் புரதக்கூறுகளும் கூடி நிகழ்த்தும் இம்மாற்றத்தை 1912இல் பிரெஞ்சு அறிஞர் மையார் விளக்கினார். கொதிக்கும் எண்ணெய் பொருளைச் சுற்றிலும் தழுவி, நீரை நொடியில் விரட்டிவிடும். மின்னடுப்பின் சூடான காற்றோ அவ்வளவு விரைவாக வெப்பத்தைக் கொடுக்காது. ஆகவே எண்ணெய் செய்த வேலையை நாம் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

பத்துப் பேருக்கு இருபது பஜ்ஜி மிளகாய் போதும். கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு, காம்பையும் நுனியையும் விட்டு நடுவே கீறி, உள்ளிருக்கும் வெண்ணிறத் தண்டைக் கரண்டிக் காம்பால் எடுத்துவிடுங்கள். காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறோம். காரத்துக்குக் காரணமான காப்சைசின் மிகுதியாக இருப்பது அந்த வெண்தண்டில்தான். அது நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். கடித்தபின் தண்ணீர் குடித்தும் எரிச்சல் தணியாதது இதனால்தான்.

கீறிய மிளகாய்களை வெறுமையாகவே 200 பாகையில் எட்டு நிமிடம் சுட்டு, உள்ளே ஊறும் நீரைத் துணியால் துடைத்துவிடுங்கள். சென்ற ஆண்டு நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அரைக் கிலோ மரச்சீனியைத் தோலுரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுங்கள். அக்கிழங்கில் சயனைடு வெளியிடும் பொருள் உண்டு. பெரும்பகுதி நீரோடும் ஆவியோடும் போய்விடும். நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே இதைச் செய்தனர். பின் கிழங்கை மசித்து, தேங்காய்த் துருவல், சீரகம், பூண்டு, சிறிய வெங்காயம், மஞ்சள், உப்பு சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை வாணலியில் கிளறி ஆறவிடுங்கள்.

கரைத்த பஜ்ஜி மாவு இங்கே உதவாது, சூடேறுமுன் வழிந்துவிடும். ரஸ்க்குத் தூளை இரண்டு தேக்கரண்டித் தேங்காயெண்ணெயில் முன்னதாகவே சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். அடைத்த மிளகாயை அரிசிமாவுக் கரைசலில் ஒருமுறை தோய்த்து, அத்தூளில் புரட்டுங்கள். தட்டின்மேல் கம்பி வலை வைத்து, அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்கி, 220 பாகையில் பதினெட்டு நிமிடம் சுடுங்கள். கம்பி வலை இருந்தால் ஆவி அடிப்புறமும் வெளியேறும். சுட்டபின் மூடி வைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள். உள்ளிருக்கும் ஆவி மேலோட்டை மீண்டும் நனைத்துவிடும். அரைமணி நேரத்துக்குள் பரிமாறுங்கள்.

சென்ற விடுமுறையில் சிறிய மின்னடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்போது தூளை எண்ணெயில் வறுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஒரு துளியும் சேர்க்காமல் சுட்டேன். பாட்டி ஒன்றைக் கடித்தார். மறு அறையில் இருந்த அம்மாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"சத்தம் இருக்கு மக்களே, மணம் இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரியே. மணப்பொருள்கள் பலவும் கொழுப்பில் கரைபவை. மறுநாள் இருபது மிளகாய்க்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்று கணக்கிட்டுத் தூளை வறுத்தேன். மருத்துவரிடம் கேட்டேன்; ஒன்றிரண்டு தின்னலாம் என்றார்.

அன்று மாலை அடுத்த வீட்டார் வந்திருந்தனர். பாட்டி தாமே தட்டை ஏந்தி அவர்களுக்குக் கொடுத்தார். பிறகு அவர்களோடு அமர்ந்து தாமும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

இவ்வாண்டுப் பொங்கல் விழாவிலும் என் தட்டு வரும். சென்ற ஆண்டு கேள்வி கேட்ட நண்பர் முதலில் வந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.