ஜாமூனைக் கடித்தால் ஜீரா தெரியும்

காலை ஆறரை மணி. லேப் நாற்காலியில் அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெறும் வயிறுதானேம்மா?" என்று ரத்தம் எடுக்க வந்த பெண் கேட்டதும், "ஆமா. ஒரு வாய் காபி மட்டும், சர்க்கரை போடாம" என்றார். பிரிக்காத ஊசி மேசைக்கே திரும்பிப் போனது. "நாளைக்கு வாங்கம்மா."

சர்க்கரை போடாவிட்டாலும் பாலிலேயே சர்க்கரை உண்டு. ஆனால் காபியை உணவுக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லையே!

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிறு எதற்கு? முதலில் கல்லீரலைப் பார்ப்போம். அது வீட்டு அரிசிப் பானை. இரவில் கடை பூட்டிய பிறகு, பானையில் இருப்பதை அளந்துதான் உலை வைக்க வேண்டும். அதேபோல நாம் தூங்கும்போது கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் அளந்து விடுகிறது. "போதும்" என்று கையைப் பிடிப்பது இன்சுலின். அந்தச் சொல் எடுபடாவிட்டால் அளவு மிஞ்சிவிடும். இதைத்தான் காலைப் பரிசோதனை பார்க்கிறது. நடுவில் காபி போனால், பானையிலிருந்து வந்தது எது, டம்ளரிலிருந்து வந்தது எது என்று பிரிக்க முடியாது. ஆகவே குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். இல்லையென்றால் நரம்பு சிக்காமல் இரண்டு மூன்று முறை குத்து வாங்க நேரும். முடிவு 100க்குக் கீழே என்றால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய்க் கணக்கு. அப்போதும், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்க்காமல் முத்திரை குத்துவதில்லை.

பிறகு குழாய். சாம்பல் நிற மூடி போட்ட குழாயைக் கவனித்திருப்பீர்கள். அரைத்த இட்லி மாவை வெளியே வைத்தால் புளித்துக்கொண்டே போகும் அல்லவா? வெளியே எடுத்த ரத்தமும் சும்மா இருக்காது. அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். குழாய்க்குள் இருக்கும் ஃபுளோரைடு, மாவுக்கு ஃப்ரிட்ஜ் மாதிரி அதை நிறுத்தி வைக்கும்.

அடுத்து, சாப்பிட்ட பின் எடுப்பது. பந்தி முடிந்து எவ்வளவு சீக்கிரம் இலை எடுக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. இரண்டு மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. பரிசோதனைக்காகப் பயந்து அரை இட்லியோடு எழுந்துவிடாதீர்கள். தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை போடுபவர்கள், அன்றைக்கு அதை எப்போது போடுவது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது எச்பிஏ1சி. இதற்கு வெறும் வயிறுகூட வேண்டாம். ரத்தச் சிவப்பணுக்களை ஜாமூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் ரத்தம் ஜீரா. ஒவ்வொரு ஜாமூனும் சுமார் 120 நாள் ஊறும். தினமும் பழையது போய்ப் புதியது விழும். ஆகவே சிலவற்றைச் சேர்த்துக் கடித்துப் பார்த்தால், ஜீரா இரண்டு மூன்று மாதமாக எவ்வளவு தித்திப்பாக இருந்தது என்று தெரிந்துவிடும். லேபுக்கு வருமுன் மூன்று நாள் பத்தியம் இருந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழே சரி, 6.5இல் சர்க்கரை நோய் ஆரம்பம்.

ஆனால் ஜாமூனும் பொய் சொல்லும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் புது ஜாமூன் விழுவது குறைகிறது. பழையதே நெடுநாள் ஊறுகிறது. எனவே ஜீரா தித்திப்பாக இல்லாமலே எண் ஏறிக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் கணக்கு குழம்பும்.

அத்தைக்கு நடந்தது இதுதான். மறுநாள் வெறும் வயிற்றில் 104, எச்பிஏ1சி 6.6. ஒன்று எல்லைக்கோட்டில், இன்னொன்று கோட்டைத் தாண்டி.

டாக்டரிடம் போவதைக் கல்யாணச் சமையல்காரரிடம் பேசுவது மாதிரி நினைத்துக்கொள்வேன். உப்பு, புளி அளவு அவருக்கு அத்துப்படி. ஆனால் எத்தனை பேர் வருவார்கள், யாருக்குக் காரம் ஆகாது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். இருவரும் உட்கார்ந்து பேசாமல் சாமான் லிஸ்ட் போட முடியாது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு என்றால் சொல்ல வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். குறிக்கோளும் எல்லோருக்கும் ஒன்றல்ல: பலருக்கு எச்பிஏ1சி 7க்குக் கீழே என்றால், தள்ளாத வயதில் தனியாக இருப்பவருக்கு 8 வரைகூட விடுவார்கள்.

டாக்டர் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, "அசதி உண்டா?" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான், "மாசாமாசம் ரொம்பப் போகுது, டாக்டர். படியேறினா மூச்சு வாங்குது" என்றார். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாதது. ஹீமோகுளோபின் பார்த்தார்கள், வெறும் 8.7.

"இப்பவே சர்க்கரை மாத்திரை ஆரம்பிக்கணுமா, இல்ல கொஞ்ச நாள் பொறுக்கலாமா?" என்று கேட்டேன். முதலில் இரும்புச்சத்து, கூடவே ரத்தப்போக்குக்கு மகளிர் மருத்துவர், சாப்பாட்டில் கவனம், மூன்று மாதம் கழித்து மறுபடி எச்பிஏ1சி என்று முடிவானது. அத்தையும் சம்மதித்தார்.

எழும்போது அத்தை கேட்டார்: "இரும்பு மாத்திரையைக் காலையில காபியோட போட்டுக்கலாமா?"

"காபி அதை உள்ளே இறங்க விடாதும்மா. ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க."