ஆபீஸ் மென்பொருளுக்கு உங்களைத் தெரியும்... உங்களுக்கு அதைத் தெரியுமா?

டீ குடித்துவிட்டு சீட்டுக்குத் திரும்புகிறீர்கள். டீம்ஸில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி மஞ்சளாகியிருக்கிறது. ‘ஐயையோ, மேனேஜர் பார்த்திருப்பாரோ?’ என்று மனசு பதறும். வாடிக்கையாளரிடம் செல்போனில் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அதே மஞ்சள்தான். நீங்கள் கம்ப்யூட்டரைத் தொட்டீர்களா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

“எல்லாம் வெளிப்படையா இருக்கணும்” என்று சொல்லித்தான் நிறுவனங்கள் இந்த மென்பொருள்களை வாங்குகின்றன. ஆனால், கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கார் கண்ணாடி மாதிரிதான் பல இடங்களில் நிலைமை. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவர் தெரிவார். வெளியே நிற்பவருக்கு உள்ளே யார் என்றே தெரியாது.

என்ன பதிவாகிறது?

லாகின் நேரம், மெயில், சாட், மீட்டிங், திறந்த ஃபைல் எனப் பலவும். இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் டீம்ஸ் சாட்டைக்கூட, விசாரணை என்று வந்தால் உரிய அனுமதி உள்ள நிர்வாகி எடுத்துப் பார்க்க முடியும். நிறுவனத்தின் சேமிப்பு விதியைப் பொறுத்து, நீங்கள் அழித்த மெசேஜும் அதில் இருக்கலாம்.

பெயரோடு சேர்ந்தால் என்ன சிக்கல்?

2020-ல் மைக்ரோசாஃப்ட் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஒரு ஊழியர் 28 நாள்களில் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், எத்தனை நாள் மீட்டிங்கில் கேமரா போட்டார் என்பதையெல்லாம் பெயரோடு காட்டியது. வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர் வோல்ஃபி கிறிஸ்டல் இதை அம்பலப்படுத்தியதும் எதிர்ப்பு கிளம்பியது. 2020 டிசம்பர் 1 அன்று, ஊழியர் பெயர்களை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது.

மொத்த நிறுவனமும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்ப்பது வேறு. ‘இவர் ஏன் கேமரா போடவில்லை?’ என்று ஒருவரைத் தனியாகப் பிடிப்பது வேறு.

அளந்தால் வேலை கூடுமா?

பல நேரம் நடிப்புதான் கூடும். மவுஸைத் தானாக அசைக்கும் ‘மவுஸ் ஜிக்லர்’ கருவிகள் விற்பனையாவது அதனால்தான். ஆனால் மாட்டினால் வேலை போகும். கீபோர்டில் வேலை செய்வதுபோல் போலித் தோற்றம் உருவாக்கியதாக, அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது 2024-ல் செய்தியானது.

வெளிநாட்டுச் சட்டங்கள் எப்படி?

நியூயார்க் மாநிலத்தில் 2022 மே முதல், மின்னணுக் கண்காணிப்பு இருந்தால் வேலைக்குச் சேரும்போதே எழுத்து மூலம் சொல்லியாக வேண்டும்.

பிரான்ஸில் அமேசான் கிடங்கு ஊழியர்களின் ஸ்கேனர், பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தாலே பதிவு செய்தது. ஒவ்வொரு இடைவெளிக்கும் ஊழியர் காரணம் சொல்லவேண்டிய நிலை வரலாம் என்று கண்டித்த அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம், 2023 டிசம்பரில் 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது.

உபெர், ஓலா ஓட்டுநர்கள் தொடர்ந்த வழக்கில், ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலையைப் பறிக்கும் அளவுக்கான தானியங்கி முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஓட்டுநருக்கு உரிமை உண்டு என்றது.

இந்தியாவில்?

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. இதன் 7-வது பிரிவு, வேலைவாய்ப்புத் தேவைகளுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும், ஊழியரின் தரவை ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த அனுமதிக்கிறது.

‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கும் உரிமை 11-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் அது ஒப்புதலின் பேரில் பெறப்பட்ட தரவுக்குத்தான். அதாவது, ஒப்புதல் கேட்காமல் எடுத்த தரவைப் பற்றிக் கேள்வி கேட்கும் வழியும் குறுகிவிடுகிறது. சென்னை, கோவை ஐ.டி. ஊழியர்கள் கவனிக்கவேண்டிய ஓட்டை இது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஆஃபர் லெட்டரோடு வரும் ஐ.டி. பாலிசியைப் படிக்காமல் ‘ஓகே’ கொடுக்காதீர்கள். கண்காணிப்பு பற்றிய வரிகள் பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும்.
* எச்.ஆரிடம் மெயிலில் நான்கு கேள்வி கேளுங்கள்: என்ன பதிவாகிறது? யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? அப்ரைசலில் அது சேருமா?
* ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வாட்ஸ்அப், பேங்க் கணக்கு வேண்டாம்.
* முடித்த வேலைகளை வாரம் ஒருமுறை நான்கு வரியில் மேனேஜருக்கு மெயில் பண்ணுங்கள். “நீங்க அதிகமா ஆன்லைன்லயே இல்லையே” என்று அப்ரைசலில் பேச்சு வந்தால், காட்டுவதற்குப் பச்சைப் புள்ளியைவிட நல்ல கணக்கு உங்கள் கையில் இருக்கும்.