செசிலியா எழுதிய பதில்

முதலில் அந்தக் கையில்தான் கண் போய் நிற்கும். நீண்ட விரல்கள், மெல்ல மடிந்த கணுக்கள். கீரியைப் போல உடல் நீண்ட ஒரு வெள்ளை விலங்கைத் தடவிக்கொடுக்கிறது அந்தக் கை. எர்மின் என்று அதற்குப் பெயர். அதை ஏந்தி நிற்கும் பெண் நம்மைப் பார்க்கவில்லை. யாரோ கூப்பிட்டதும் சட்டென்று திரும்பிய முகம்.

லியோனார்டோ டா வின்சி 1490-ஐ ஒட்டி, 54 சென்டிமீட்டர் உயர வால்நட் பலகையில் தீட்டிய ஓவியம் இது. போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கிறது. அதன் இடது மேல் மூலையில் 'லா பெல் ஃபெரோனியேர்' என்று எழுதியிருக்கிறது. அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள வேறொரு பெண்ணின் படத்துக்கு வழங்கும் பெயர். 1800-ஐ ஒட்டி சர்தோரிஸ்கி என்ற போலந்து இளவரசர் இத்தாலியில் இந்தப் படத்தை வாங்கித் தன் தாயாருக்குக் கொடுத்தார். மூலையில் உள்ள பெயர் அதன் பிறகு சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. இப்படி, படத்துக்கு உரியவளின் பெயர் அதிலிருந்தே காணாமல் போனது.

துப்பு அந்த விலங்கிடமே இருந்தது. மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு நேப்பிள்ஸ் மன்னர் 1488-இல் எர்மின் பெயரிலான வீரர் பட்டம் வழங்கியிருந்தார். இந்த இனத்து விலங்கைக் கிரேக்கத்தில் 'கலே' என்பார்கள். கல்லெரானி என்ற குடும்பப் பெயரில் அந்தச் சொல் ஒலிக்கிறது. போதாததற்கு, அரசவைக் கவிஞர் பெல்லின்சியோனி செசிலியா கல்லெரானியை லியோனார்டோ வரைந்தது பற்றியே ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார்.

செசிலியா 1473-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் நிச்சயமான சம்பந்தம் 1487-இல் முறிந்தது. பதினாறு வயதில், தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த லுடோவிகோவின் துணைவியானார். அந்த வயதைக் கடந்து என்னால் எளிதாகப் போக முடியவில்லை. மறுக்கும் இடத்தில் அவர் இருந்திருப்பாரா? 1491 ஜனவரியில் லுடோவிகோ அரச குடும்பத்துப் பெண் பியாட்ரிஸை மணந்தார். மே மாதம் செசிலியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு ஒரு பிரபுவுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். படம் அவரோடு போனது. பிறகு அவர் வீட்டில் அறிஞர்கள் கூடினார்கள். அவர் லத்தீன் அறிந்தவர், கவிதை எழுதியவர். அந்தக் கவிதைகளில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

கடிதம் கிடைத்திருக்கிறது. 1498 ஏப்ரலில் மாண்டுவா ஆட்சியாளரின் மனைவி இசபெல்லா அவருக்கு எழுதினார். இசபெல்லா வேறு யாருமல்ல, பியாட்ரிஸின் அக்கா. ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், உங்கள் படத்தைக் கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். செசிலியா இணங்கினார். கூடவே ஒன்றைச் சொன்னார்: படம் இப்போது என் சாயலில் இல்லை. குறை ஓவியருடையது அல்ல, அவருக்கு இணையே கிடையாது. வரைந்தபோது நான் முதிராத வயதில் இருந்தேன், பிறகு முழுக்க மாறிவிட்டேன். படத்தையும் என்னையும் பக்கத்தில் வைத்தால் அது நான்தான் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இதை எழுதியபோது அவருக்கு வயது 25.