குப்பைக்கு விலை இல்லாத நகரம்

கொழும்பின் குப்பைப் பெருக்கத்துக்குச் சனத்தொகைப் பெருக்கமே காரணம் என்ற விளக்கம் கேட்பதற்கு இலகுவானது எனினும், தொகைமதிப்புப் புள்ளிவிபரங்கள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. மலேரியா கட்டுப்படுத்தப்பட்டு இறப்பு வீதம் சடுதியாக வீழ்ந்த 1946–1953 காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 வீதமாக இருந்த இலங்கையின் சனத்தொகை வளர்ச்சி, 2012க்கும் 2024க்கும் இடையில் சராசரியாக 0.5 வீதமாகச் சுருங்கியுள்ளது. 1970களின் தொடக்கத்தில் போல் எர்லிக்கும் ஜோன் ஹோல்ட்ரனும் முன்வைத்த வாய்ப்பாடு, சூழல் மீதான தாக்கத்தைச் சனத்தொகை, தலைக்குரிய நுகர்வு, தொழினுட்பம் ஆகிய மூன்றின் பெருக்கமாகக் கொள்கிறது. இவற்றுள் முதலாவது ஏறக்குறைய நின்றுவிட்ட நாட்டில் தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது விசித்திரமே.

வெள்ளவத்தையின் தொடர்மாடிக் குடியிருப்பாளர் ஒருவர் செலுத்தும் சோலைவரி அவரது ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு கணிக்கப்படுகிறதே அன்றி, அவர் வாசலில் வைக்கும் குப்பையின் நிறையைக் கொண்டு அல்ல. ஆகவே மேலும் ஒரு பை குப்பையை வெளியேற்றுவதற்கு அவருக்கு நேரும் கூடுதல் செலவு, அதாவது பொருளியலாளர் எல்லைச் செலவு என்பது, பூச்சியமாகிறது. அச்செலவு மறைந்துவிடுவதில்லை, கொடுக்கல் வாங்கலில் பங்கில்லாத வேறொருவர் தலையில் அது விழுகிறது. இதுவே புறவிளைவு எனப்படும்.

கொழும்பில் அந்த வேறொருவரின் முகவரி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையை ஒட்டிய புளூமெண்டாலில் நகரின் குப்பை மலையாகக் குவிந்தது. 2009இல் உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து அது மூடப்பட்டபின் மீதொட்டமுல்ல அந்தச் சுமையை ஏற்றது. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு தினத்தில், அங்கு குவிந்த குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் புத்தளம் மாவட்டத்தின் அறுவைக்காட்டுக்குக் குப்பையைக் கொண்டுசெல்லும் திட்டம் முன்னெடுக்கப்பட்டபோது, தாங்கள் நுகராத பொருட்களின் எச்சத்தைத் தாங்கள் ஏன் ஏற்கவேண்டும் எனப் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினர். 2021இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பிறப்பிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. எனினும் எரியுலைக்கு நாள்தோறும் தீனி வேண்டும் என்பதால், குப்பையைக் குறைக்கும் ஊக்கத்தை அது தருவதில்லை.

மெல்லிய பொலித்தீனுக்கும் லஞ்ச் சீற்றுக்கும் 2017 செப்டெம்பரில் விதிக்கப்பட்ட தடை விலையைத் தொடவில்லை. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதி அதைத் தொட்டது. ஆனால் குப்பையில் பெரும்பங்கு, எரியுலையிலும் இலகுவில் எரியாத ஈரமான சமையலறைக் கழிவு. அதை அகற்றும் செலவு இன்னமும் சோலைவரிக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது.