நாய்க்குட்டிக்குச் சாமி பெயரா?

ஏழாம் வகுப்பில் கிழமைகளின் ஆங்கிலப் பெயர்களை நடத்திக்கொண்டிருந்தேன். 'தர்ஸ்டே' என்பது தோர் என்னும் இடிக் கடவுளின் நாள் என்றதும், திரைப்படம் பார்த்திருந்த மாணவர்கள் சுத்தியலைச் சுழற்றுவதுபோல் கைகளைச் சுழற்றினார்கள். அந்த உற்சாகத்தில், "ஐஸ்லாந்தில் நாய்க்குட்டிக்குக்கூட தோர் என்று பெயர் வைப்பார்கள்" என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "நாய்க்குச் சாமி பேரு வைக்கலாமா டீச்சர்? தப்பில்லையா?"

சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். படித்துவிட்டு மறுநாள் வகுப்பில் பேசியதை இங்கே பகிர்கிறேன்.

ஐஸ்லாந்துக்கே உரிய நாயினம் ஒன்றுதான். அது ஐஸ்லாந்து ஆட்டுநாய். நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால், அடர்ந்த இரட்டை ரோமம். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் நார்வே முதலிய பகுதிகளிலிருந்து குடியேறியவர்களோடு கப்பலில் வந்த நாய்களின் வழித்தோன்றல் இது. அங்கே கோடைக்காலத்தில் ஆடுகளை மலையில் மேயவிட்டு, செப்டம்பரில் ஓட்டி வருவார்கள். அப்போது குரைத்துக் குரைத்தே மந்தையைத் திரட்டுவது இந்த நாய். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த இனம் ஏறத்தாழ அழிந்துபோகும் நிலைக்கு வந்தது. மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயரும் ஐஸ்லாந்தின் சிக்ரிதுர் பியெத்துர்ஸ்தோத்திரும் எடுத்த முயற்சியால் பிழைத்தது.

அதே மக்களோடு வந்தவைதான் ஓதின், தோர், ஃபிரெய்யா ஆகிய தெய்வங்களின் கதைகளும். கி.பி. 1000 வாக்கில் ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்றது. வழிபாடு மறைந்தாலும் கதைகள் மறையவில்லை. சுமார் 1220இல் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற கிறித்தவத் தலைவர், இளம் கவிஞர்கள் பழைய பாடல்களின் உருவகங்களைப் புரிந்துகொள்வதற்காகவே இக்கதைகளை 'எட்டா' என்ற நூலில் எழுதிவைத்தார். ஒரு வகையில் அது பாடநூல்தான்!

இன்னொரு செய்தியும் மாணவர்களை வியக்க வைத்தது. ஆங்கிலக் கிழமைகளில் இன்றும் இருக்கும் அந்தத் தெய்வங்கள், ஐஸ்லாந்து மொழிக் கிழமைகளில் இல்லை. அங்கே வியாழன் 'ஐந்தாம் நாள்', வெள்ளி 'நோன்பு நாள்'. கிழமையிலிருந்து போன பெயர்கள் பிள்ளைகளின் பெயர்களில் வாழ்கின்றன. தோர், ஃபிரெய்யா என்ற பெயர் கொண்ட மனிதர்கள் அங்கே உண்டு. அதே பாசத்தோடுதான் நாய்க்குட்டிகளுக்கும் வைக்கிறார்கள்.

கதை தெரிந்தால்தான் பெயரின் பொருத்தம் புரியும். ஹைம்டால் தெய்வங்களின் காவலன். பறவையைவிடக் குறைவாகத் தூங்குவான். புல் வளரும் ஓசையும் ஆட்டின் உடலில் ரோமம் வளரும் ஓசையும் அவனுக்குக் கேட்கும். ஆட்டுநாய்க்கு இதைவிட நல்ல பெயர் ஏது? ஹூகின், மூனின் என்பவை ஓதினுக்காக உலகைச் சுற்றிவந்து செய்தி சொல்லும் இரு காக்கைகள். பெயர்களின் பொருள் 'சிந்தனை', 'நினைவு'. கூடப்பிறந்த இரண்டு குட்டிகளுக்கு அவை ஏற்றவை. செருப்பைக் கடித்து ஒளித்துவைக்கும் குட்டிக்கு, குறும்பும் சூழ்ச்சியும் நிறைந்த லோகி. ஃபிரெய்யாவின் தேரை இழுப்பவையோ பூனைகள்! அந்தப் பெயரை நாய்க்கு வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது.

பிறகு அந்த மாணவியிடம் சொன்னேன்: "உன் கேள்வி நல்ல கேள்விம்மா. நாம் கும்பிடுகிற சாமியின் பெயரை நாய்க்கு வைக்க நமக்கு மனம் வராது. அவர்களில் பெரும்பாலோருக்கு இவர்கள் இன்று கும்பிடும் சாமிகள் இல்லை, தாத்தா பாட்டி சொன்ன கதைகளின் நாயகர்கள். அந்தப் பழைய சமயத்தை மீண்டும் பின்பற்றும் சிறு குழுவினரும் அங்கே இருக்கிறார்கள். அதனால் நேற்று நான் அதை வேடிக்கையாகச் சொன்னதுதான் சரியில்லை."

பிற நாட்டு வழக்கம் ஒன்றை வகுப்பில் சொல்லும்போது அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; இல்லையெனில் மாணவர்களுக்கு எஞ்சுவது கேலி மட்டுமே. இதை எனக்குக் கற்றுத்தந்தது அவளுடைய கேள்வி. அன்றைய வீட்டுப்பாடமாக, தெரிந்த ஏதாவது ஒரு பெயரின் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதிவரச் சொன்னேன். நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள்.